காசு கொடுத்துத் துப்பாக்கி வாங்கினால் பேட்டை அடங்குமா?

மக்களிடம் இருக்கும் துப்பாக்கிகளை நகராட்சியே விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை அமெரிக்காவில் பால்டிமோர் 1974-இல் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஒன்றுக்கு 50 டாலர். சுமார் 13,500 துப்பாக்கிகள் வந்து குவிந்தன. திட்டம் நடந்த அந்த இரண்டு மாதங்களில் துப்பாக்கிக் கொலைகளும் தாக்குதல்களும் கூடின. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மேயர்களுக்கு மட்டும் இந்தத் திட்டத்தின் மேல் ஆசை விடவில்லை. மேசையில் குவிந்த இரும்பைப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கலாம் அல்லவா?

இதே பணத்துக்கும் இதே நோக்கத்துக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் உண்மையான எடை தெரியும்.

விருப்பம் உள்ளவர் கொடுக்கலாம்: அமெரிக்க முறை

நடைமுறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேவாலயம் அல்லது சமூகக் கூடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் மேசை போடுவார்கள். காவல் நிலையத்தில் போட்டால் வர வேண்டியவர்கள் வரமாட்டார்கள். குண்டு நீக்கிய துப்பாக்கியை கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருபவர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. காவலர் டிக்கியைத் திறந்து, மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். வரிசை எண்ணைத் தேசியக் குற்றப் பதிவேட்டில் தட்டிப் பார்ப்பார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் தனியே எடுத்து வைப்பார்கள். பிறகு கிஃப்ட் கார்டு, அதாவது கடையில் பணம்போலச் செலவழிக்கும் அட்டை. பழுதாகிச் சுடாத துப்பாக்கிக்கு 50 டாலர், கைத்துப்பாக்கிக்கு 100, ராணுவப் பாணி ரைஃபிளுக்கு 200 என்பதுபோல விலை வைப்பார்கள்.

'எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம்' என்பது விளம்பரம். அந்த மன்னிப்பு பெரும்பாலும் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும்தான். அதே துப்பாக்கியால் யாரையாவது சுட்டிருந்தால் அதற்குக் கிடையாது. சுட்டவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் கொண்டுவருவது யார்? சியாட்டிலில் 1992-இல் நடந்த திட்டத்தை ஆராய்ந்தபோது, கொடுத்தவர்களின் சராசரி வயது 51 என்று தெரிந்தது. கணவர் இறந்த பிறகு அலமாரியில் கிடந்ததைக் கொண்டுவரும் மூதாட்டியும், பேரன் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியதால் கவலைப்படும் தாத்தாவும் இந்த வரிசையில் நிற்பவர்கள். மூலையில் நின்று சுடும் இருபது வயதுப் பையன் இதில் இல்லை. மில்வாக்கியில் வாங்கிய கைத்துப்பாக்கிகளையும் கொலைகளில் பிடிபட்டவற்றையும் ஒப்பிட்டார்கள். வாங்கியவற்றில் பழைய, சிறு விட்டக் குண்டுபோடும் ரிவால்வர்கள் அதிகம். கொலையில் பயன்பட்டவற்றில் பெரிய குண்டுபோடும் அரைத்தானியங்கிகள், அதாவது ஒரு குண்டு சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்பவை, அதிகம். இரண்டும் வெவ்வேறு சரக்கு.

சரக்கு சரியாக இருந்தாலும் எண்ணிக்கை இடிக்கும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் போட்ட கணக்கு இது: 1999-இல் கைத்துப்பாக்கிக் கொலைகள் சுமார் 6,500; நாட்டில் இருந்த கைத்துப்பாக்கிகள் சுமார் 7 கோடி. ஒவ்வொரு கொலைக்கும் வேறு வேறு துப்பாக்கி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு துப்பாக்கி அந்த ஆண்டில் ஆளைக் கொல்லும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. 200 டாலர் வீதம் பத்தாயிரம் வாங்கினால் 20 லட்சம் டாலர். ஓர் ஆண்டில் தவிர்க்கக்கூடியது ஒரு கொலை. துப்பாக்கி பல ஆண்டு உழைக்கும் பொருள், ஆகவே பலனையும் பல ஆண்டுக்கு நீட்டிக் கணக்கிடலாம் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் விற்றவர் அந்தக் காசில் புதிது வாங்கமாட்டார் என்றும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும். கடை அடுத்த தெருவில் திறந்தே இருக்கிறது. நாட்டில் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2018-இல் மதிப்பிட்டார்கள். ஏரியைச் செம்பால் இறைக்கிற வேலை இது.

1991 முதல் 2015 வரை நடந்த நூற்றுக்கணக்கான நகரத் திட்டங்களைத் திரட்டிப் பார்த்த பொருளாதார ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. துப்பாக்கிக் குற்றம் குறைந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. துப்பாக்கித் தற்கொலை குறைந்ததற்கும் இல்லை.

இருந்தாலும் எல்லா நகரங்களும் ஒரே மாதிரிச் சொதப்பவில்லை. பாஸ்டன் 2006-இல் விதிகளை இறுக்கியது: கைத்துப்பாக்கி மட்டும்தான் வாங்குவோம், பாஸ்டன்வாசி என்பதற்குச் சான்று வேண்டும், ஒன்றுக்கு 200 டாலர் கிஃப்ட் கார்டு. ஆயிரத்துக்கும் சற்று அதிகமாகவே வந்தன. 1993 முதல் 1996 வரை அதே நகரம் வாங்கியவற்றைவிட, தெருவில் பிடிபடும் ரகத்துக்கு இவை நெருக்கமாக இருந்தன. அதே சமயத்தில் வேறு முயற்சிகளும் ஓடியதால், துப்பாக்கிச் சூட்டின் ஏற்ற இறக்கத்தில் இதன் பங்கு என்ன என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் விதியை மாற்றினால் வரும் சரக்கும் மாறும் என்பதை பாஸ்டன் காட்டியது.

மேசையில் எங்கே கோணுகிறது

முதல் சிக்கல் விலை. சந்தை விலையைவிடக் கூட வைத்தால் குப்பை வரும். குறைத்து வைத்தால் நல்ல துப்பாக்கி வெளியிலேயே விலை போய்விடும். 2013 ஜனவரியில் சியாட்டிலில் வரிசை நீண்டு கார்டுகள் தீர்ந்தன. நடைபாதையில் தனியார் ஆட்கள் ரொக்கத்தோடு நின்று, வரிசையில் இருந்தவர்களிடம் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கிக்கொண்டார்கள். பாதுகாப்பு என்று தொடங்கியது, எந்தப் பின்புலச் சோதனையும் இல்லாத துப்பாக்கிச் சந்தையாகப் போனது.

சுடாத துப்பாக்கிக்கும் காசு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2012-இல் சிகாகோ சாட்சி. துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் அமைப்பு ஒன்று துருப்பிடித்த பழையவற்றைச் சேர்த்துக் கொண்டுபோய் விற்றது. கிடைத்த பணத்தைச் சிறுவர் துப்பாக்கிப் பயிற்சி முகாமுக்குச் செலவிட்டது. 2022-இல் முப்பரிமாண அச்சு வந்து சேர்ந்தது. ஹூஸ்டனில் ஒருவர் வீட்டில் அச்சிட்ட 62 பிளாஸ்டிக் துப்பாக்கிகளை ஒன்று 50 டாலர் வீதம் தள்ளிவிட்டார். நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் இன்னொருவர் இதே வழியில் 21,000 டாலர் மதிப்புள்ள கார்டுகளோடு போனார். அதன் பிறகுதான் விதிமுறையில் ஓட்டை அடைத்தார்கள். தொழிற்சாலை வரிசை எண் இல்லாதவற்றுக்கு நபருக்கு ஒன்று என்று உச்சவரம்பு வைப்பது இப்போதைக்கு எளிய காப்பு.

கடைசிக் கோணல் யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. அழிப்பதற்கென்று கொடுத்தவை அழிகின்றனவா? கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது அதன் உடற்பகுதி, அதாவது வரிசை எண் பொறித்த சட்டகம். அதை நசுக்கினால் சட்டப்படி துப்பாக்கி ஒழிந்தது. இலவசமாக அழித்துத் தருவதாக ஒப்பந்தம் போடும் சில நிறுவனங்கள் அதை மட்டும் நசுக்கிவிட்டு, குழல், விசை, கைப்பிடி எல்லாவற்றையும் உதிரிப் பொட்டலமாக இணையத்தில் விற்றுவந்தது 2023-இல் வெளிவந்தது. வாங்குபவர் சட்டகம் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

கட்டாயம் கொடுத்தாக வேண்டும்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து

இந்த விவாதத்தில் ஆஸ்திரேலியாவை இழுக்காதவர் இல்லை. ஆனால் அங்கே நடந்தது இதே பெயரில் வேறு காரியம். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டே நாளில், மே 10-இல், எல்லா மாநிலங்களும் ஒப்பந்தத்துக்கு வந்தன. அரைத்தானியங்கி ரைஃபிள்களுக்கும் பம்ப் ஷாட்கன்களுக்கும் பொதுவாகத் தடை. எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவு. வாங்க 28 நாள் காத்திருப்பு. உரிமத்துக்குத் தக்க காரணம் வேண்டும், தற்காப்பு அந்தக் காரணங்களில் சேராது. இந்தச் சட்டத்தின் வால்தான் காசு கொடுத்து வாங்குவது. அரசு ஒருவர் சொத்தை எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று அவர்கள் அரசியல் சாசனம் சொல்கிறது, அதனால் கொடுத்தார்கள். மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 0.2 சதவீதப் புள்ளி ஏற்றிப் பணம் திரட்டினார்கள். சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள், நாட்டில் இருந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, உலைக்குப் போயின.

பலன்? துப்பாக்கித் தற்கொலைகள் நன்றாகவே இறங்கின. எந்த மாநிலத்தில் அதிகம் வாங்கினார்களோ அங்கே இறக்கமும் அதிகம் என்று 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. 1996-க்கு முன் 18 ஆண்டுகளில் துப்பாக்கியால் நடந்த கூட்டக்கொலைகள் 13; பிறகு 2018 வரை அந்த அளவில் ஒன்றும் இல்லை. கொலைகள் விஷயத்தில் மட்டும் ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். 1996-க்கு முன்பே எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வளைவு அந்த ஆண்டில் முறிந்ததா என்பது எந்தக் கணித முறையைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்ட பின் நியூசிலாந்தும் இதே வழியில் போனது. ஜூலை முதல் டிசம்பர் வரை 56,000-க்கும் மேல் வாங்கினார்கள். விலை வைத்த முறை கச்சிதம்: ஒவ்வொரு மாடலுக்கும் அடிப்படை விலை, புதிதுபோல் இருந்தால் அதில் 95 சதவீதம், புழங்கியது என்றால் 70, கெட்டுப்போனது என்றால் 25. அமெரிக்க மேசைகளில் இந்த ஒழுங்கு கிடையாது. ஆனால் பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு அதுவரை பதிவேடே இல்லை. தடைசெய்தவை மொத்தம் எத்தனை என்று தெரியாமல், எத்தனை பங்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? பதிவேடு 2023-இல்தான் திறந்தது. வாங்குவதற்கு முன்பே பதிவு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

அமெரிக்காவில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட 8 கோடி. தடைச்சட்டம் இல்லாமல் அது கைகூடாது. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு நகராட்சியால் அத்தகைய சட்டம் போடவும் முடியாது. ஆகவே நகர அளவில் பேசும்போது ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

அதே பணத்துக்கு வேறு வழிகள்

மிசௌரி மாநிலத்தின் இரண்டு நகரங்களை அருகருகே வையுங்கள். செயின்ட் லூயிஸ் 1991-இல் சுமார் 7,500 துப்பாக்கிகளை வாங்கியது; துப்பாக்கிக் கொலையும் தாக்குதலும் அசையவில்லை. கன்சாஸ் சிட்டி 1992–93-இல் 80 தெருக்கட்டம் கொண்ட ஒரே ஒரு காவல் வட்டாரத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு கார், நான்கு காவலர், இரவு 7 மணி முதல் 1 மணி வரை, 29 வாரம். வேறு வேலை எதுவும் இல்லை, ஒளித்து வைத்திருக்கும் துப்பாக்கியைத் தேடுவது மட்டும். முந்தைய அரையாண்டில் பிடிபட்டவை 46. இந்தக் காலத்தில் 76. கூடுதலாக வந்தது முப்பதுதான். துப்பாக்கிக் குற்றம் 169-லிருந்து 86-க்கு இறங்கியது. அங்கே ஏழாயிரத்து ஐந்நூறு செய்யாததை இங்கே முப்பது செய்தது என்றால் அது முப்பது இரும்பின் வேலை அல்ல. இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வர மற்றவர்கள் தயங்கியதன் வேலை. விலையும் உண்டு. சந்தேகத்தின் பேரில் தடுத்து நிறுத்திச் சோதிப்பதைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் கறுப்பின இளைஞர்கள் மீதே அது விழும். பேட்டை காவல்துறையோடு பேசுவதை நிறுத்திவிடும். பேச்சு நின்றால் சாட்சியும் இல்லை.

அதற்கு அடுத்த பாதை பாஸ்டனின் 1996 போர்நிறுத்தத் திட்டம். நகர இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கும்பல்காரர்கள், இளைஞர் கொலைகளில் 60 சதவீதத்துக்காவது காரணமாக இருந்தார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேசையின் ஒரு பக்கம் காவலரும் அரசு வழக்கறிஞரும். மறுபக்கம் பாதிரியார், வேலை தேடித் தருபவர், தெருப்பணியாளர். சொன்ன செய்தி ஒன்றுதான்: உங்கள் கும்பலில் ஒருவன் சுட்டால் கும்பல் முழுவதன் மீதும் கை வைப்போம், விலக நினைப்பவனுக்கு இதோ உதவி. இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63 சதவீதம் குறைந்தது என்பது மதிப்பீடு. இது கெடுவது எப்படி என்பதும் பாஸ்டனிலேயே தெரிந்தது: 2000-இல் கைவிட்டார்கள், கொலைகள் மறுபடி ஏறின. ஆள் மாறினால் இத்திட்டம் செத்துவிடும். அதுதான் அதன் பலவீனம்.

பிலடெல்பியா தொட்டது ஆட்களை அல்ல, மண்ணை. வெறும் மனைகளில் குப்பையை அள்ளி, நிலத்தைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரம் நட்டு, இடைவெளி விட்ட தாழ்வான மரவேலி போட்டு, அவ்வப்போது புல் வெட்டினார்கள். 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பேட்டைகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. செலவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டாலர், பராமரிப்பு அரை டாலர். துப்பாக்கி ஒளித்து வைக்கப் புதர் இல்லை, உட்கார்ந்து பேரம் பேச மறைவு இல்லை, எதிர்வீட்டுக்காரர் திண்ணைக்கு வருகிறார். விளம்பரத்துக்கு உதவாத இந்த வழியைத்தான் ஒரு லட்சம் டாலர் வைத்திருக்கும் நகராட்சி முதலில் பார்க்க வேண்டும்: அந்தப் பணத்தில் 20,000 சதுர மீட்டர்.

வாங்கும் மேசைக்கு மிச்சமிருக்கும் நியாயமான வேலை வீட்டுக்குள்தான். அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேண்டாத துப்பாக்கி ஒரு வீட்டை விட்டு வெளியேறினால் அந்த வீட்டுக்கு நல்லது. நகர அளவிலான எண்ணிக்கையில் இது தெரியாமல் போகலாம். வாங்கும் மேசையை நடத்துகிறவர்கள் ஒரே ஒரு நாள் என்று வைக்காமல் ஆண்டு முழுவதும் வாங்கட்டும். தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகட்டும். விற்க மனமில்லாதவருக்குப் பூட்டும் கம்பியும் இலவசமாகக் கொடுக்கட்டும். சுடாதவற்றை வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். அழிப்பு ஒப்பந்தத்தில் 'எல்லாப் பாகங்களும்' என்ற சொல் இருக்க வேண்டும், உலைக்குள் போகும்வரை ஒரு காவலர் கூடவே இருக்க வேண்டும்.

அரிசோனாவில் இதுவும் நடக்காது. அங்கே 2013-இல் போட்ட சட்டப்படி, காவல்துறை கைக்கு வந்த துப்பாக்கிகளை அழிக்க முடியாது. உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்க வேண்டும். இப்படிச் சட்டம் உள்ள ஊரில் வாங்கும் மேசைக்கென்று வரவுசெலவில் ஒரு டாலர்கூட ஒதுக்க வேண்டியதில்லை.