பாரி ஜிபி: பெரிய முழு எண்ணின் இயல்பறிய ஒரு மென்பொருள்

ஒரு பெரிய முழு எண் பகா எண்ணா, அதன் பகாக் காரணிகள் எவை, அது நிறைவெண்ணா (வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணின் சரியாக இருமடங்கு) குறைவெண்ணா (இருமடங்குக்கும் குறைவு) என்றெல்லாம் அறிய விரும்புவோருக்குப் பாரி ஜிபியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆன்றி கோஹன் தலைமையிலான குழு 1985-இல் பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கிய இந்த மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

12345678987654321 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 'ஃபாக்டர்' கட்டளை 3-இன் 4-ஆம் அடுக்கு, 37-இன் வர்க்கம், 333667-இன் வர்க்கம் என்ற விடையை இரு நெடுவரிசைகளில் உடனே தருகிறது. அடுக்குகள் யாவும் இரட்டைப்படை என்பதால் இது 111111111-இன் வர்க்கம் என்பதும், வகுத்திகள் 45 என்பதும் அதிலிருந்தே விளங்கிவிடும். 'சிக்மா' கட்டளை தரும் வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணின் இருமடங்குக்கும் குறைவாக இருப்பதால் இது குறைவெண். இலக்கங்களின் கூட்டுத்தொகையான 81 இதனை மீதியின்றி வகுப்பதால், இந்தியக் கணிதவியலாளர் கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களிலும் இது சேரும். ஆனால் இத்தகைய வகைப்பெயர்களை மென்பொருள் தானாகச் சொல்வதில்லை. வரையறையை அறிந்து, ஒரு வரி நிரலை நாமே எழுத வேண்டும். இதைக் குறையென்று சொல்வோர் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது, 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்பதையும் 'பகா எண் என நிறுவப்பட்டது' என்பதையும் இது இரு வேறு கட்டளைகளாகப் பிரித்து வைத்திருப்பதுதான். 3215031751 என்பது 151, 751, 28351 ஆகியவற்றின் பெருக்கற்பலன். ஆயினும் 2, 3, 5, 7 என்னும் நான்கு அடிமானங்களை (சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் எண்களை) வைத்துச் செய்தாலும், மில்லர்–ராபின் என்னும் பகா எண் சோதனையை அது ஏமாற்றிவிடும். 'இருக்கக்கூடும்' என்று மட்டும் சொல்லும் 'இஸ்சூடோபிரைம்' கட்டளை இயல்பாகவே அதைவிடக் கடுமையான சோதனையைச் செய்வதால் இதில் ஏமாறுவதில்லை. 2-இன் 64-ஆம் அடுக்கு வரை அச்சோதனையில் பிழை நேராது என்பது சரிபார்க்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் உறுதி வேண்டுவோர், பகா எண் என நிறுவும் 'இஸ்பிரைம்' கட்டளையை நாட வேண்டும்; 'ப்ரைம்செர்ட்' கட்டளையோ பிறர் தனியாகச் சோதித்துப் பார்க்கத்தக்க சான்றையே தருகிறது.

இவ்வளவு கவனமான மென்பொருளில் ஒரு முரண்பாடும் உண்டு. 'ஃபாக்டர்' தரும் பெரிய காரணிகள் இயல்பு அமைப்பில் 'இஸ்சூடோபிரைம்' செய்யும் சோதனையில் தேறியவை மட்டுமே. அவை பகா எண்கள் என நிறுவப்பட வேண்டுமெனில் 'ஃபாக்டர் ப்ரூவன்' அமைப்பை 1 என மாற்றியாக வேண்டும். இதைப் புதியவர்கள் கவனிக்காமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். கட்டளை வரி மட்டுமே கொண்ட இதன் முகப்பும் அவர்களை முதலில் மிரட்டும், எனினும் கேள்விக்குறியுடன் கட்டளையின் பெயரை இட்டால் விளக்கம் வந்துவிடுகிறது.

அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் 1903-இல் வெளியிட்ட, 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணின் காரணிகளான 193707721, 761838257287 ஆகியவற்றை இது கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடும். ஆனால் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும், நூறு இலக்கங்களை வெகுவாகத் தாண்டிய எண்ணைப் பிரிக்க வேண்டுமானால், மிகப் பெரிய எண்களைக் காரணிப்படுத்த உதவும் எண்புலச் சல்லடை முறையைக் கையாளும் வேறு மென்பொருளைத்தான் தேட வேண்டும்.