குன்னூர் பழம்பொருள் கடையில் மேசனிக் கிளாஸ்கள்

அப்பர் குன்னூரில், பழைய பங்களாக்கள் கைமாறும்போது வெளியே வரும் சாமான்களை விற்கும் சின்னக் கடை. பீங்கானும் பித்தளையும் சுமார்தான். உள்ளறை அலமாரியில் இருக்கும் மேசனிக் கிளாஸ்களுக்காகப் போகலாம். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தாரின் சின்னம் பொறித்த கிளாஸ்கள் இவை. மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு என்று நம்மூர்க் கொத்தனார் பையில் இருப்பதெல்லாம் கண்ணாடியில் செதுக்கியிருக்கும்.

குட்டையாக, அடித்தட்டு தடித்து இருப்பவைதான் ‘ஃபயரிங் கிளாஸ்’. லாட்ஜ் (அந்தச் சங்கத்தின் கிளை) விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் குடித்ததும் எல்லோரும் ஒருசேர மேசையில் அடிப்பார்கள். வேட்டுச் சத்தம் போலக் கேட்கும். அந்த அடியைத் தாங்கத்தான் இந்தக் கனம். அடி மெலிந்து சின்னம் மட்டும் இருந்தால் அது சாதா ஒயின் கிளாஸ், அந்த விலைக்கே கேளுங்கள்.

எல்லாவற்றிலும் ‘18ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம்ப வேண்டாம். பக்கவாட்டில் அச்சு இணைப்புக் கோடு தெரிந்தால், அது 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வந்த அச்சுக் கண்ணாடி. அடியில் தேய்மானக் கீறல்கள் நாலா திசையிலும் ஓட வேண்டும். ஒரே திசையில் வரிசையாக இருந்தால் உப்புத்தாள் வேலை. 10 மடங்கு லென்ஸ் எடுத்துப் போங்கள். சக்கரத்தில் வெட்டிய கோட்டில் பள்ளமும் ஏற்ற இறக்கமும் தெரியும். லேசர் வேலை புள்ளி புள்ளியாகத் தெரியும். பழைய கிளாஸில் சின்னத்தை மட்டும் புதிதாக வெட்டி விற்பதும் உண்டு. அப்போது கிளாஸின் பழைய கீறல்கள் செதுக்கலின் ஓரத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மலை ஈரத்துக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். மங்கலாக இருக்கும் கிளாஸை நனைத்தால் தெளியும், காய்ந்ததும் மறுபடி மங்கும். உப்புக்கறை என்றால் வினிகரில் ஓர் இரவு ஊறினால் போய்விடும். போகாவிட்டால் ஈரம் கண்ணாடியையே அரித்துவிட்டது, தேய்த்துப் பயனில்லை. எண்ணெய் தடவி மறைப்பதும் நடக்கும் என்பதால், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்கிறார், அது நல்ல குணம்.

ஈயக் கண்ணாடி என்றால் மதுவை அதில் ஊற்றி வைத்துவிடாதீர்கள், ஈயம் இறங்கும். 100 வருடம் தாண்டியதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பேக்கிங் மட்டும் மோசம்: ஒன்றுக்குள் ஒன்று சொருகித் தருகிறார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் முன் விளிம்பு சில்லு போய்விடும். தனித்தனியாகத் துணி சுற்றச் சொல்லுங்கள்.