டகோமா கதவுப் பூட்டு: மோட்டாரை மட்டும் மாற்றுவதா, முழுப் பூட்டையும் மாற்றுவதா?

ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டிக்கொள்கின்றன. நான்காவது லேசாக முனகிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 2005 முதல் 2015 வரை விற்ற இரண்டாம் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப்பை இன்று ஓட்டுபவர்கள் பலருக்கு இது தெரிந்த தொல்லைதான். எஞ்சின் இன்னும் பல ஆண்டு உழைக்கும் நிலையில் இருக்கும்போதே கதவுப் பூட்டு களைத்துவிடுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணிகள் கதவுகளில் பூட்டுக்குள் இருக்கும் சிறு மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டுநர் கதவுக்கு அசல் பூட்டை முழுதாக வாங்குவதே மேல். ஆனால் கோளாறு பூட்டில்தான் இருக்கிறது என்று உறுதியாகும் வரை எதையும் வாங்கவே கூடாது.

எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் செத்துப்போனால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), ஓட்டுநர் பக்க ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யாவிட்டால் ரிமோட்டின் பேட்டரியில் தொடங்கலாம். ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் ஓட்டுநர் கதவு மட்டும் திறப்பது கோளாறே அல்ல. இரண்டாவது அழுத்தலில்தான் மற்றவை திறக்கும். ஒரே ஒரு கதவு முரண்டு பிடிக்கும்போதுதான் வயரா, மோட்டாரா என்ற கேள்வி வருகிறது.

இந்த இடத்தில் பலரும் மல்டிமீட்டரை எடுக்கிறார்கள். நான் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுப்பேன். மின்சாரம் வருவது கண நேரத்துக்குத்தான். மீட்டரின் எண்கள் நிலைகொள்வதற்குள் அது போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வயருக்குள் ஒரே ஒரு செப்பு இழை அறாமல் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும், ஆனால் மோட்டார் அசையாது. பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால் அப்படி ஏமாறாது. வயரிங் படத்தைப் பார்த்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களுக்கு இடையே பல்பை இணைத்து ஸ்விட்சை அழுத்துங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் பளிச்சென்று மின்னினால் வயரிங் மீது குற்றமில்லை, மோட்டார்தான் போய்விட்டது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ வயரைத் தேடுங்கள். ஒரு திசையில் மட்டும் மின்னினால் ரிலே அல்லது ஸ்விட்ச் பக்கம் சந்தேகம் போக வேண்டும். ஏனென்றால் இந்த இரண்டு வயர்களும் ஓய்வில் எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, சேர்ந்திருக்கும். பூட்டும்போது ஒன்றுக்கும் திறக்கும்போது மற்றொன்றுக்கும் 12 வோல்ட் வரும். எந்த ஒன்று அறுந்தாலும் இரண்டு திசையும் நின்றுவிடும்.

வயர் அறுந்திருந்தால் பெரும்பாலும் கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் உறைக்குள்தான் அறுந்திருக்கும். கதவு திறந்து மூடும்போதெல்லாம் மடிந்து நிமிரும் இடம் அது. உறையைப் பின்னுக்குத் தள்ளி ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் முழுதாக இருந்தும் ரப்பர் நாடாபோல் நீண்டால் உள்ளே செம்பு அறுந்துவிட்டது. புதிய வயர்த் துண்டை வைத்துப் பற்றவைத்து, இணைப்பை மடியும் இடத்துக்கு அப்பால் தள்ளிவிட வேண்டும். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. இதைப் பார்க்காமல் புதுப் பூட்டு வாங்கினால் பணம் போனதுதான் மிச்சம்.

மோட்டார்தான் என்று தெரிந்தபின் உண்மையான போட்டி தொடங்குகிறது. கதவின் உட்பலகையையும் பிளாஸ்டிக் தாளையும் அகற்றி, கதவின் ஓரத்திலுள்ள மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றினால் தாழ்ப்பாளும் பூட்டை இயக்கும் மின்பகுதியான ஆக்சுவேட்டரும் ஒரே உருப்படியாக வெளியே வரும். அதன் கூட்டைப் பிளந்தால் கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார் இருக்கும். மாற்றாக விற்பது மபுச்சி நிறுவனத்தின் எஃப்சி-280 வகை. விலை பத்து டாலர் அளவில்தான். பழையதைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். கார்பன் தூளும் கசிந்த கிரீஸும் கலந்த கருப்புப் பிசுக்கு, மோட்டாரின் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் செப்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரின் இடுக்குகளை அடைத்திருக்கும். பற்சக்கரங்கள் வெள்ளை வெளேரென்று, ஒரு பல் கூடத் தேயாமல் இருக்கும். அவற்றையும் சேர்த்துக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் இது பொறுமை கேட்கும் வேலை. பழைய மோட்டாரின் தண்டிலிருந்து திருகுப் பல்லை உரித்துப் புதியதில் ஏற்ற வேண்டும். தண்டின் வடிவமும் நீளமும் ஒத்துப்போகிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். மோட்டாரைத் திருப்பி வைத்துவிட்டால் துருவம் மாறி, பூட்டச் சொன்னால் திறக்கும். கூட்டை மூடும்போது விளிம்பை நன்றாக அடைக்க வேண்டும். மழைநீர் உள்ளே போனால் உழைப்பு வீண்.

அசல் பூட்டை முழுதாக வாங்குவது ஒரு கதவுக்கு இருநூறு டாலரைத் தாண்டிவிடும். அந்தப் பணத்துக்குப் புதுத் தாழ்ப்பாள், புதுப் பற்கள், புது மின்தொடர்புகள் எல்லாம் கிடைக்கின்றன. ஓட்டுநர் கதவில் இது முக்கியம். சாவியின் அசைவையும் பூட்டின் நிலையையும் கணினிக்குச் சொல்லும் தொடர்புகள் அந்தப் பூட்டுக்குள்ளேயே இருக்கின்றன. நாளில் அதிகம் திறந்து மூடுவதும் அதுதான். அதனால்தான் அங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம் என்கிறேன். முன்கதவுகளில் மட்டும் மின்பூட்டு உள்ள ஆக்சஸ் கேப் மாதிரி வைத்திருப்பவர்களுக்கு மொத்தமே இரண்டு பூட்டுகள்தான் என்பதால் இந்தச் செலவு அவ்வளவு உறுத்தாது.

மலிவான மாற்று நிறுவனப் பூட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசலின் விலையில் நான்கில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்கும், உண்மைதான். அதே கதவை மறுபடி பிரிக்க நேர்ந்தால் அந்த மிச்சத்துக்கு அர்த்தமில்லை. கம்பியால் இழுக்கும் பொதுவான இரண்டு வயர் ஆக்சுவேட்டர், கைப்பூட்டு மட்டுமே உள்ள எளிய வண்டிகளுக்கு நல்ல தீர்வு. ஏற்கெனவே மின்பூட்டு உள்ள டகோமாவில் அதைச் சொருகுவது தேவையற்ற வேலை.

எந்த வழியில் போனாலும், உட்பலகையை மாட்டுவதற்கு முன் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடுங்கள். ஸ்விட்சில் பூட்டித் திறந்து, உள் கைப்பிடியையும் வெளிக் கைப்பிடியையும் இழுத்து, இரண்டிலும் தாழ்ப்பாள் விடுபடுகிறதா என்று பாருங்கள். இணைப்புக் கம்பி ஒன்று சரியாக மாட்டாமல் கதவைச் சாத்திவிட்டால், கதவின் ஓரத்திலுள்ள பூட்டு ஸ்க்ரூக்களை எட்டவே வழி இருக்காது.