கட்டுப்பாட்டுச் சுற்றுகளை மதிப்பிடும் மென்பொருள்: ஒரு பயனர் மதிப்புரை

ஆலைக்கு எந்தச் சோதனை மாற்றமும் கொடுக்காமல், வழக்கமான இயக்கத் தரவிலிருந்தே கட்டுப்பாட்டுச் சுற்றுகளின் (ஓட்டம், அழுத்தம், மட்டம் போன்றவற்றை அளந்து, குறித்த அளவில் தானாகவே வைத்திருக்கும் அமைப்புகளின்) நிலையைக் கணிக்கும் மென்பொருள் இது. 1989இல் தாமஸ் ஹாரிஸ் முன்வைத்த குறைந்தபட்ச மாறுபாட்டுக் குறியீடே இதன் அடித்தளம். செயல்முறையின் தாமத நேரத்தை (ஒரு திருத்தத்தின் விளைவு தெரியத் தொடங்கும் வரையான நேரத்தை) எந்தக் கன்ட்ரோலராலும் வெல்ல முடியாது என்பதால், அதனால் தவிர்க்க முடியாத அலைவுக்கு மேல் எஞ்சும் அலைவில் எவ்வளவு குறைக்கத்தக்கது என்பதை அது காட்டுகிறது.

வால்வு ஒட்டலைக் கண்டறிவதில் இம்மென்பொருள் சிறந்து விளங்குகிறது. ஓட்டச் சுற்று ஊசலாடினால் உடனே பிஐடி அளவுகளில் (கன்ட்ரோலர் எப்படித் திருத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்களில்) கைவைப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். ஆனால் வால்வின் தண்டு சிக்கிச் சிக்கி நகரும்போது, கெயினை, அதாவது கன்ட்ரோலர் எதிர்வினையின் வலிமையை, குறைத்தால் ஊசல் பெரும்பாலும் மெதுவாகுமே தவிர நிற்பதில்லை. கன்ட்ரோலரின் வெளியீடு முக்கோண அலையாகவும் ஓட்டம் ஏறத்தாழச் சதுர அலையாகவும் வருவதை அருகருகே வரைந்து காட்டுவதால், பராமரிப்புப் பிரிவிடம் கிளாண்ட் பேக்கிங்கை (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பை) பார்க்கச் சொல்வதற்குச் சான்று கிடைக்கிறது.

மட்டச் சுற்றுகளில்தான் ஏமாற்றம். இடைத்தொட்டியின் மட்டம் ஏறி இறங்க வேண்டியதே. அடுத்த பிரிவுக்குச் செல்லும் ஓட்டம் சீராக இருப்பதற்காக வேண்டுமென்றே தளர்வாக அமைத்த சுற்றையும் இது சிவப்பில் குறிக்கிறது. ஒவ்வொரு சுற்றின் நோக்கத்தையும் பதியும் வசதி இருந்தும், அதை அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

தரவுச் சேமிப்பகம் சுருக்கி வைத்த மதிப்புகளையும் இது எச்சரிக்கையின்றி ஏற்றுக்கொள்கிறது. ஒரு நிமிடச் சராசரியில் சில நொடி ஊசல் மறைந்துவிடும் என்பதால், ஓட்டம், அழுத்தம் ஆகியவற்றுக்குச் சுருக்கத்தை நிறுத்தி, ஒரு நொடி இடைவெளியில் தரவு எடுத்த பிறகே இதை நிறுவுவது நல்லது.