57 வெள்ளிக்கு ஒரு பாத்தி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தோட்டம் என்பது வாசலில் வைத்த நாலு தொட்டியோடு முடிந்துவிடும். அதிலும் நடைபாதையை அடைக்கக்கூடாது, தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது, எதிர்வீட்டுக்காரர் முகம் சுளிக்கக்கூடாது. அதனால்தான் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திக்கு நானும் எழுதிப் போட்டேன். உடனே கிடைக்கவில்லை. கேட்பவர்கள் அதிகம், குலுக்கலில்தான் விழ வேண்டும். எனக்கு விழுந்து, மூன்றாண்டுக் குத்தகையில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. “எடுக்கலாமா அக்கா?” என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதை விட எழுதிவிடுவது மேல்.

கிடைப்பது இதுதான்: இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஒரு பெட்டி, அதில் மண். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜிஎஸ்டி தனி. மாதத்துக்கு ஏறக்குறைய 5 வெள்ளிதான், கடையில் மூன்று கோப்பி குடிக்கிற காசு. காசைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். உரம், விதை, பந்தல் கம்பு, வலை என்று போய்க்கொண்டே இருக்கும். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் ஒரு கட்டு தண்டுக்கீரை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். என் பெட்டியில் சுமாராக வருவது கீரை, வெண்டை, கத்தரி, துளசி, பாண்டான் என்கிற வாசனை இலை. கறிவேப்பிலை ஒன்று நிற்கிறது. விட்டால் மரமாகிவிடும் என்பதால் இடுப்பளவில் வெட்டி வெட்டி வைத்திருக்கிறேன். முருங்கை ஆசையெல்லாம் இங்கே வேண்டாம்.

அந்தக் கறிவேப்பிலையில்தான் கதை ஆரம்பித்தது. ஒரு நாள் இலை மேல் பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நகர்கிறது. சில நாளில் அதுவே பச்சையாகி விரல் நீளத்துக்குப் பெருத்துவிட்டது. குச்சியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி, ஒரு நாற்றம் விட்டது பாருங்கள்! கறிவேப்பிலை அழகியின் புழு. கறுப்பில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சி. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும், கறிவேப்பிலையும் அதே குடும்பம்.

பக்கத்துப் பாத்தி ஒரு சீன ஆன்ட்டியுடையது. கங்கோங், சைசிம் என்று கீரை வகைகள், ஓரமாகத் தொட்டியில் கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சை. அவர் கையில் எப்போதும் சோப்புத் தண்ணீர் போத்தல் இருக்கும், புழு கண்ணில் பட்டால் அதற்குள் போய்விடும். என் செடியில் புழுவை விட்டுவைத்திருப்பதைப் பார்த்ததும், “ஐயோ, இதெல்லாம் என் சைசிம்முக்கு வரும் லா!” என்று பதறினார். வராது. சைசிம்மில் ஓட்டை போடுகிறவை வேறு: வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, தத்திக் குதிக்கும் குட்டி வண்டு. கறிவேப்பிலைப் புழு பட்டினி கிடந்தாலும் சைசிம்மைத் தொடாது. ஆனால் அவருடைய கலமான்சியை மொட்டையடித்தது இதே கூட்டம்தான், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: கலமான்சியில் புழு வந்தால் சோப்புத் தண்ணீரில் போடாமல் என் கறிவேப்பிலைக்கு மாற்றிவிடுவார். சாம்பாருக்கு இலை குறைகிறது, உண்மைதான். அதற்குத் தேக்கா இருக்கிறது.

இதில் எனக்குப் புரிந்த ஒன்று, விண்ணப்பிக்கிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது. கீரை போடுகிறவருக்குப் பூச்சியால் ஒரு லாபமும் இல்லை. பூக்கும் முன்பே அறுத்துவிடுவார். காய் போடுகிறவருக்குப் பூச்சி வந்தால் லாபம். கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மகரந்தப் பையில் நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. பூவைப் பிடித்து அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருத்துப் பெருத்த தச்சுத் தேனீக்கும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீக்கும் தெரியும். என் துளசியைக் கிள்ளாமல் பூக்கவிட்ட பிறகு நீலப்பட்டைக்காரர்கள் காலையில் வர ஆரம்பித்தார்கள். கத்தரியும் அதற்கு முன்பு இருந்ததை விட நன்றாகப் பிடித்தது. துளசிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மழையும் அப்போது நன்றாகப் பெய்தது. ஆனால் அடுத்த வரிசையில் மிளகாய் போட்டிருக்கும் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) என்னிடம் நாற்று வாங்கிப்போய் அவர் பெட்டி மூலையிலும் துளசி வைத்துவிட்டார்.

இப்படி வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஆளுக்கு ஒரு மூலை பூக்கவிட்டாலே அந்த இடத்தின் நிறம் மாறிவிடும். அது தானாக நடப்பதில்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் பலவீனம். பெட்டி அவரவருக்கு, குத்தகை அவரவருக்கு, வரும் நேரமும் அவரவருக்கு. பேச்சுக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் மூன்று வருஷமும் முதுகைக் காட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம்.

கூட்டாகச் செய்ய வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. குடியிருப்புப் பேட்டைகளில் அங்கே இருக்கிறவர்களே நடத்தும் சமூகத் தோட்டங்கள் 2005-ல் மேஃபேர் பார்க் பேட்டையில் தொடங்கியவை, ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற பெயரில் இன்று தீவு முழுக்க இருக்கின்றன. அங்கே ஒரு முழு ஓரத்தையே பட்டாம்பூச்சிச் செடிகளுக்கு ஒதுக்க முடியும். நல்ல குழு அமைந்தால் பாத்தியை விட அதுதான் உசத்தி. குழு அமையாவிட்டால், வேலியும் பூட்டும் நான்கு பேர் கையில் சாவியும்தான். எங்கள் பக்கத்தில் ஒன்று அப்படித்தான் இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பூங்காக் கழகம் பொதுமக்களைக் கொண்டு பறவை, பட்டாம்பூச்சி எண்ணவைக்கும் நிகழ்ச்சிகளும் நடத்துகிறது. பாத்தி கிடைக்காதவர்கள் அதில் சேரலாம். பேர் தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்த பறவைகளுக்குப் பேர் தெரிந்துவிடும். கொத்திக்கொண்டு திரியும் மைனாக்களில் பெரும்பாலானவை வந்தேறி ஜாவா மைனாக்கள் என்பது அதில் கலந்துகொண்ட ஒரு தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எரிச்சல்களையும் சொல்லிவிடுகிறேன். திறந்த இடம் என்பதால் காய் காணாமல் போகும். பழுக்கட்டும் என்று விட்ட தக்காளி மறுநாள் இருக்காது. எடுத்தது அணிலா ஆளா என்று காம்பைப் பார்த்தால் தெரியும், கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தால் அணில் இல்லை. ஆப்பிரிக்க நத்தைகள் மழை விட்டதும் ஊர்ந்து வரும். நிழல் கிடையாது. தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு, அதில் யாரும் தயவு பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. எல்லாவற்றையும் விட, மண் ஒரு வழியாகப் பதத்துக்கு வந்து மண்புழு தலைகாட்டுகிற நேரத்தில் குத்தகை முடிகிறது. காத்திருப்பவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பது புரிகிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பூங்கா இருந்தால் மட்டும் பதிந்து வையுங்கள். பஸ் மாறிப் போக வேண்டியதென்றால் வெயில் நாளில் ஒரு நாள் தவறினாலும் கீரை படுத்துவிடும். பாத்தி கிடைத்ததும் விதைக்கடைக்கு ஓடாதீர்கள். இரண்டு பக்கத்துப் பெட்டிக்காரர்களும் என்ன போடுகிறார்கள், எதைப் பூக்கவிடுவார்கள், மருந்து அடிப்பார்களா என்று விசாரித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.