ஆல்ப்ஸில் பல நாள் நடை: மோன் பிளாங்கா, ஓத் ரூட்டா, டோலமைட்டா?

ஆல்ப்ஸ் மலையில் பல நாள் நடக்க முடிவு செய்தவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று பாதைகள் வந்து நிற்கும். முதலாவது, மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றிவரும் ‘டூர் டு மோன் பிளாங்’. இரண்டாவது, பிரான்ஸின் ஷாமொனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போகும் ‘ஓத் ரூட்’ நடைவழி. மூன்றாவது, இத்தாலியின் டோலமைட் மலைகளை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் ‘ஆல்ட்டா வியா 1’. படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும், மூன்றுமே அழகு. ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. மூன்றாம் நாள் காலையில் மழை கொட்டுகிறது, முழங்கால் வீங்கியிருக்கிறது என்றால், நிற்கும் இடத்திலிருந்து பஸ் பிடிக்க எவ்வளவு தூரம் இறங்க வேண்டும்?

இந்தக் கேள்வியில் மோன் பிளாங் சுற்று சுலபமாக ஜெயிக்கிறது. ஏறத்தாழ 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், பத்துப் பதினோரு நாள் நடை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டுத் திரும்பும். கணவாயில் ஏறிப் பள்ளத்தாக்கில் இறங்குவதுதான் இதன் போக்கு. அதனால் சாலையும் ஊரும் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. லெ கோன்தமீன், குர்மாயோர், லா ஃபூலி, சாம்பெக்ஸ் என எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒரு நாள் நடையை விட்டுவிட்டு வண்டி ஏறலாம். குர்மாயோரில் மனம் மாறினால், 1965இல் திறக்கப்பட்ட மலைச்சுரங்கத்தின் வழியாக பஸ்ஸில் ஷாமொனிக்கே திரும்பிவிடலாம். முதன்மைப் பாதையின் உயரமான கணவாய் 2,537 மீட்டரில் உள்ள கிரான் கோல் ஃபெரே. வானம் தெளிவாக இருந்து கால்களும் ஒத்துழைத்தால் ஃபெநேத்ர் தார்பெத் என்ற கிளைவழியில் 2,665 மீட்டர் வரை போகலாம். பாறைக் குவியல்கள் நிறைந்த அந்த வழியை மழை நாளில் தொடக்கூடாது.

இதன் குறை கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் மலைக்குடில்களில் ஒரு படுக்கை கிடைப்பதே பெரும்பாடு. பல குடில்களில் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முன்பதிவு தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இதே மலையைச் சுற்றி ஓட்டப் பந்தயம் வேறு நடக்கிறது. நாம் பத்து நாளில் நடப்பதை முன்னணி வீரர்கள் சுமார் இருபது மணி நேரத்தில் ஓடி முடிக்கிறார்கள். பார்க்க ஆசை இருப்பவர்கள் போகட்டும். தனிமை தேடுபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது.

ஓத் ரூட் இதற்கு நேர் எதிர். 180 முதல் 200 கிலோமீட்டர், 12 முதல் 14 நாள். பனியாறுகளைக் கடக்கும் பழைய மலையேறிகளின் வழி ஒன்று இதே பெயரில் இருக்கிறது. அதற்குக் கயிறும் வழிகாட்டியும் வேண்டும். நாம் பேசுவது அதற்குக் கீழே கணவாய்கள் வழியாகப் போகும் நடைவழியை. முன்பதிவு செய்யும்போதும் வரைபடம் வாங்கும்போதும் இந்த வேறுபாட்டில் கவனம் தேவை.

முதல் சில நாள் இது மோன் பிளாங் சுற்றின் பாதையை ஒட்டியே போகும். சாம்பெக்ஸைத் தாண்டியதும்தான் குணம் மாறுகிறது. மோன் ஃபோர் குடிலிலிருந்து பிராஃப்ளூரி குடிலுக்குப் போகும் ஒரு நாளைச் சொன்னால் போதும். ஒரே நாளில் மூன்று கணவாய்கள், கடைசிக் கணவாயின் உயரம் 2,900 மீட்டருக்கு மேல். வழியில் சாலை கிடையாது. பாதையின் சில இடங்களில் பாறைக் குவியலே பாதை. மேகம் இறங்கிவிட்டால் வெள்ளை-சிவப்பு-வெள்ளை வண்ணக்குறியைத் தேடித் தேடித்தான் காலை வைக்க வேண்டும். மறுநாள் டீஸ் ஏரிக்கரை. அந்த ஏரியைத் தேக்கி நிற்கும் கிராந்த் தீக்சாந்ஸ் அணையின் உயரம் 285 மீட்டர். பிறகு பா த ஷேவ்ர் கணவாயில் பாறையில் அறைந்த இரும்பு ஏணிகளில் ஏற வேண்டும். உயரம் கண்டு தலைசுற்றுபவர்களுக்குப் பக்கத்திலேயே ரிட்மாட்டன் கணவாய் இருக்கிறது. செங்குத்துதான், ஆனால் ஏணி இல்லை. முடிவில், செர்மாட் பள்ளத்தாக்கின் மேலே 2017இல் திறக்கப்பட்ட 494 மீட்டர் நீளத் தொங்குபாலத்தைக் கடக்கலாம், அல்லது பள்ளத்தாக்கிலேயே ரயிலேறி மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்கப் போய்விடலாம். ரயிலேறுவது அவமானமில்லை.

முதல் பயணத்துக்கு ஓத் ரூட்டை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆழம் தெரியாமல் காலைவிட்டால், நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று நாள் வெளியேற வழி விடாது. இரண்டாவது பயணமென்றால் மூன்றில் சிறந்தது இதுதான்.

டோலமைட் ஆசைகாட்டுவது வேறு விதத்தில். ஆல்ட்டா வியா 1 சுமார் 120 கிலோமீட்டர்தான். பிராயெஸ் ஏரியில் தொடங்கி பெல்லூனோ அருகே முடிகிறது. விடுமுறை ஒரு வாரமே என்றால் பாதி நடந்துவிட்டு ஜாவ் கணவாயிலோ ஸ்டவுலன்ட்ஸா கணவாயிலோ முடித்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் தார்ச்சாலை உண்டு. ஃபால்சாரெகோ கணவாயிலிருந்து 2,752 மீட்டரில் உள்ள லகட்ஸுவோய் குடிலுக்குக் கேபிள் காரே போகிறது. முதல் உலகப்போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் அந்த மலையைக் குடைந்து ஒன்றையொன்று தகர்க்கப் பார்த்தன. அந்தச் சுரங்கங்களுக்குள் இன்றும் இறங்கி நடக்கலாம். தலைக்கவசமும் விளக்கும் அவசியம். மற்ற இரண்டு பாதைகளிலும் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

தண்ணீரில்தான் டோலமைட் கைவிரிக்கிறது. சுண்ணாம்பு சார்ந்த பாறை மழையை உறிஞ்சிவிடும். மோன் பிளாங் பக்கம் போல வழிநெடுக ஓடை இருக்காது. ஒரு குடிலிலிருந்து அடுத்த குடில் வரை தேவைப்படும் நீரைச் சுமக்க வேண்டும், வெயில் நாளில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல். தெற்குப் பாதியில் கூட்டம் குறைவு. ஆனால் அங்கே இறக்கங்கள் நீளமானவை, கைத்தடி இல்லாமல் இறங்குவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம்.

பருவத்தைப் பொறுத்தவரை மூன்றும் ஏறக்குறைய ஒன்றே: ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஓத் ரூட்டின் கணவாய்களில் ஜூலை தொடக்கத்திலும் பனி கிடக்கலாம், ஆகவே அதற்கு ஜூலை நடுப்பகுதிக்கு முன் தேதி குறிக்காதீர்கள். கோடையில் பிற்பகல் இடிமழை எங்கும் சகஜம். காலை ஏழுக்குள் கிளம்பி மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும்.

செலவில் சுவிட்சர்லாந்து மற்ற இரண்டு நாடுகளையும் விட எப்போதும் மேலே. ஓத் ரூட்டின் பெரும்பகுதி அங்கேதான் என்பதால் கையில் ஃபிராங்க் நோட்டுகள் வேண்டும். மற்ற நாடுகளில் யூரோ. குடில்களில் கம்பளி தருவார்கள், உள்ளே போர்த்திக்கொள்ளும் துணி உறையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஷெங்கன் விசா தேவைப்படுவோருக்கு மூன்று நாட்டுக்கும் ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எனவே மோன் பிளாங் சுற்றுக்குப் போகிறவர்கள் குடில் பட்டியலை வைத்து இரவுகளை முதலில் எண்ணிக்கொள்ளட்டும். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை வாங்கியதோடு விட்டுவிடாமல், அதில் ஹெலிகாப்டர் மீட்பு அடங்குகிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று படித்துப் பாருங்கள். பிரான்ஸில் மலை மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. சுவிஸ் பக்கம் விழுந்தால் ஹெலிகாப்டருக்கான ரசீது உங்கள் பெயருக்கு வரும்.