மெஷ் வைத்த இடத்தில் சீழ்: எங்கள் ஹெல்த் சென்டரின் கட்டு அறைக்கு ஐந்துக்கு நான்கு

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் இருக்கிறோம். மாமனாருக்கு வலது தொடை இடுக்கில் ஹெர்னியா, தனியார் கிளினிக் ஒன்றில் பாலிபுரொப்பிலீன் மெஷ் (பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் வலை) வைத்துத் தைத்தார்கள். ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், அதற்கு அப்புறம் நடந்ததுதான் எரிச்சல். ஒன்பதாம் நாள் தையல் சிவந்து, தொட்டால் சுட்டது, துணியில் மஞ்சள் கறை. போன் போட்டால் நேரில் வரச் சொல்லாமல் ஒரு ஆன்டிபயாட்டிக் பெயரைச் சொல்லி வைத்துவிட்டார்கள். மாத்திரை தீரும் வரை அடங்கியிருந்தது, தீர்ந்ததும் மறுபடி சீழ். மறுபடி போன், வேறு மாத்திரை. இத்தனைக்கும் அவருக்குச் சர்க்கரை வேறு (மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறதே!), காயத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் எங்கள் வட்டாரத்து அரசு ஹெல்த் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். இலவசமாகப் பார்க்கிற இடத்தில் என்னத்தைப் பார்ப்பார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். கட்டு அறையில் இருந்த நர்ஸம்மா ஓரத்தை லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுமேல கட்டுப் போட்டா உள்ளேயே தங்கும், முதல்ல சர்ஜன் பார்க்கணும்" என்று கிரியோலில் சொல்லி, டாக்டரிடம் சீட்டு வாங்கி அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கே மூன்று மார்க்.

அங்கே இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றி, எந்தக் கிருமி என்று பார்க்கக் கொஞ்சம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மெஷ் வரை போயிருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள். நல்ல வேளை, சீழ் தோலுக்கு அடியிலேயே நின்றிருந்தது. மெஷ்ஷில் கிருமி ஒட்டிவிட்டால் தன்மேல் ஒரு படலம் கட்டிக்கொள்ளுமாம், மருந்து அதைத் துளைத்துப் போவது கஷ்டம். பெரிய கண் உள்ள பாலிபுரொப்பிலீன் வலை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் பிளாஸ்டிக்) வகை என்றால் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும் என்றார் சர்ஜன். அதற்காக வீக்கம் எல்லாமே சீழ் இல்லை, சிவப்பும் காய்ச்சலும் இல்லாமல் வெறும் நீர் கோத்திருந்தால் தானாகவே வற்றும், ஊசி போட்டு இழுக்கப் போனால்தான் கிருமி உள்ளே போகும் என்றும் சொன்னார்.

அப்புறம் ஐந்து வாரம் தினமும் அதே கட்டு அறை. சலைனால் (உப்பு நீரால்) கழுவி, துணியை இறுக்கித் திணிக்காமல் தளர்வாக வைப்பார்கள், அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும் என்பதற்காக. போகும்போதெல்லாம் சர்க்கரையும் பார்ப்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்று மாமனார் கேட்டதற்கு அந்த நர்ஸம்மா முறைத்த முறைப்பு இருக்கிறதே!

ஒரு மார்க் குறைத்தது வரிசைக்காக. எட்டு மணிக்கு மேல் போனால் அரை நாள் போச்சு, உட்கார இடமும் கிடையாது. போகும்போது எந்த மெஷ் வைத்தார்கள் என்று எழுதிய ஆபரேஷன் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதே அதைத்தான், எங்களிடம் இல்லை.